பழைய லொறிக்கு ஒரு சிறு காவல்

கற்பிட்டிக் குடாநாட்டிலே, மாம்புரிக் கரையோரம் காற்றாலைகள் சுழல்கின்றன. அவற்றைச் சுழற்றும் அதே கடற்காற்றுத்தான் உப்பையும் ஈரத்தையும் சுமந்து வந்து, தோட்டத்து மரக்கறியை ஏற்றிச் செல்லும் லொறிகளின் இரும்பையும் செம்பையும் அரிக்கின்றது. 2020 ஆம் ஆண்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின், பழைய லொறியையே பேணி ஓட்டவேண்டிய நிலை பல குடும்பங்களுக்கு ஏற்பட்டது.

வண்டிக்கு வயதேறும்போது மின்கம்பிகளின் உறையும் மூப்படைகின்றது. வெடித்த உறையினூடே கம்பி இரும்புச் சட்டத்தைத் தொட்டால், நிற்கும் வண்டியிலும் தீப்பற்றக்கூடும். இரவில் முற்றத்தில் நின்ற லொறி எரிந்தால், ஒரு குடும்பத்தின் சோறே எரிந்ததாகும் அன்றோ?

இதற்குத் தக்க காவல், பற்றரியை வண்டியிலிருந்து துண்டித்துவிடும் ஆளியாகும். மெயின் சுவிச்சு என்றால் யாவர்க்கும் விளங்கும். பற்றரி வீணே வடிவதையும் அது தடுக்கும். 50 மில்லியம்பியர் கசிவுதானே என்று இருந்தால், 30 நாளில் 36 அம்பியர் மணி போய்விடும். 100 அம்பியர் மணிப் பற்றரியில் அது மூன்றிலொரு பங்குக்கும் மேல்.

ஆனால், மலிவு கருதி ஆளியை வாங்குவது ஆபத்து. விளக்குக்குச் செல்லும் மின்னோட்டம் சிறிது. எஞ்சினைக் கிளப்பும் ஸ்டார்ட்டர் இழுப்பதோ நூற்றுக்கணக்கான அம்பியர். ஆளியின் தொடுமுனையில் ஓர் ஓமின் நூறிலொரு பங்கு தடை இருப்பதாகக் கொள்வோம். 200 அம்பியர் பாயும்போது 2 வோல்ற்று அங்கேயே இழக்கப்படும். 400 வாற்று வெப்பமும் பிறக்கும். தீயைத் தடுக்க வைத்த பொருளே தீக்குக் காரணமாகலாம்!

ஆகவே, வாங்குமுன் இரண்டு அளவுகளைக் கேட்டறிக: இடைவிடாது தாங்கும் அம்பியர் ஒன்று, சில விநாடி மட்டும் தாங்கும் அம்பியர் மற்றொன்று. பின்னையது ஸ்டார்ட்டரின் தேவைக்குக் குறையலாகாது. வண்டி 12 வோல்ற்றா, 24 வோல்ற்றா என்பதையும் பார்த்தல் வேண்டும். வெள்ளீயம் பூசிய செம்பு முனைகளும், அவற்றை மூடும் இறப்பர் உறையும் உப்புக்காற்றுக்கு ஏற்றவை.

ஆளியைச் சட்டத்தோடு இணையும் கம்பியிலேயே பொருத்துவது நன்று. பெரும்பாலான வண்டிகளில் அது எதிர்முனைக் கம்பி. மிகப் பழைய சிலவற்றில் நேர்முனையாகவும் இருக்கும். அம்முனையிலிருந்து வேறு சிறு கம்பி நேரே சென்றால், அதனையும் ஆளியின் வழியே திருப்புதல் வேண்டும். இன்றேல் காவல் அரைகுறையே. சில்லு வாரியடிக்கும் மணலும் நீரும் படாத இடமாக, அவசரத்தில் கை எட்டும் இடமாக அது அமைதல் நலம்.

எஞ்சின் ஓடும்போது மட்டும் ஆளியைத் திருப்பற்க. அல்டர்னேற்றரில் திடீரென எழும் மின்னழுத்தம் அதன் டயோடுகளைப் பழுதாக்கிவிடும். தீ தோன்றிய வேளையில் அல்டர்னேற்றரை எண்ணிக் காத்திருத்தல் வேண்டா.

படுக்குமுன் வாயிற்கதவைத் தாழிடும் நாம், முற்றத்து லொறிக்கும் ஒரு தாழிட்டு உறங்குவோமாக.