தசையின் சைகையைக் கேட்கும் கம்பியில்லாக் கருவி

முழங்கைக்குக் கீழே கையை இழந்த ஒருவர், இல்லாத தமது விரல்களை மடக்க எண்ணும்போதும் மூளையின் கட்டளை நரம்புகள் வழியாக எஞ்சியுள்ள முன்கைத் தசைகளை வந்தடைகின்றது. தசைகள் சுருங்குகின்றன. அவ்வேளையில் அவற்றில் நுண்ணிய மின்சைகைகள் எழுகின்றன. மோட்டார் பொருத்திய செயற்கைக் கைகள் பல தசாப்தங்களாக இச்சைகைகளைக் கொண்டே இயக்கப்பட்டு வருகின்றன.

எனினும், இவற்றைப் பிழையின்றிப் பெறுவது எளிதன்று. தோலின்மீது வைக்கப்படும் மின்வாய்கள் வியர்வையாலும் இடம்பெயர்வாலும் தடுமாறுகின்றன. ஆழத்திலுள்ள தசையின் சைகையை அயல்தசையின் சைகையிலிருந்து அவற்றால் பிரித்தறிய இயலாது. இதனால் இரண்டு மின்வாய்களைக் கொண்ட வழமையான செயற்கைக் கை ஒரு நேரத்தில் ஓர் அசைவையே செய்கின்றது. மணிக்கட்டைத் திருப்பியவாறே குவளையைப் பற்றுவது அதனால் ஆகாது.

மின்வாயைத் தசைக்குள்ளேயே பதித்தால் தெளிவான சைகை கிடைக்கும். ஆனால், தோலைத் துளைத்து வெளிவரும் கம்பி கிருமித்தொற்றுக்கு வழிவிடும். மின்கலத்தை உள்ளே வைத்தாலோ, அது தீர்ந்தபின் மீண்டும் சத்திரசிகிச்சை தேவைப்படும்.

இவ்விரு இடர்களையும் தவிர்க்கும் கருவியொன்றை ஐக்கிய அமெரிக்காவின் ரிச்சர்ட் வியர், பிலிப் ட்ரொய்க் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2009 இல் விபரித்தனர். அது சுமார் 16 மில்லிமீற்றர் நீளமும் 2.5 மில்லிமீற்றர் விட்டமும் கொண்ட சிறு உருளையாகும். செயற்கைக் கையின் உறையிலுள்ள கம்பிச்சுருளில் ஆடலோட்ட மின்னோட்டம் பாயும்போது எழும் காந்தப்புலம், தோலையும் தசையையும் ஊடுருவி, உருளையினுள் இருக்கும் சுருளில் மின்னைத் தூண்டுகின்றது. 1831 இல் மைக்கல் பரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே இதன் அடிப்படை. அம்மின்னைக் கொண்டு உருளை தசைச்சைகையைப் பெருக்கி, எண்களாக மாற்றி, வானொலி அலைகள் மூலம் வெளியே அனுப்புகின்றது. செயற்கைக் கையைக் கழற்றிவிட்டால் உருளையும் உறங்கிவிடும்.

அமெரிக்காவின் வோல்ற்றர் ரீட் இராணுவ மருத்துவ நிலையத்தில் முன்கை இழந்த இருவருக்கு இக்கருவிகள் பொருத்தப்பட்டன. பெருவிரல், ஏனைய விரல்கள், மணிக்கட்டு ஆகியவற்றை அவர்கள் ஒரே நேரத்தில் இயக்கியமை 2015 இல் அறிவிக்கப்பட்டது. முழங்கைக்கு மேலே கையை இழந்த மூவருக்கு, நரம்புகளை எஞ்சிய தசைகளுடன் இணைத்த பின்னர் இக்கருவிகளைப் பொருத்திய முடிவுகளை வியன்னா மருத்துவர்கள் 2019 இல் வெளியிட்டனர்.

நம்பிக்கையூட்டும் முன்னேற்றமே இது. ஆயினும், உடலுக்குள் பதிக்கப்படும் கருவி பல்லாண்டுகள் அங்கேயே இருக்கும். அதனைத் தயாரித்த நிறுவனம் அதுவரை நிலைத்திருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பார்வையிழந்தோருக்கான விழித்திரைக் கருவியைத் தயாரித்த அமெரிக்க நிறுவனமொன்று 2019 இல் அதன் உற்பத்தியைக் கைவிட்டபோது, அதனைக் கண்ணில் பொருத்தியிருந்தோர் பராமரிப்பின்றித் தவித்தனர். போரினாலும் மிதிவெடிகளாலும் அவயவம் இழந்த பலர் வாழும் எமது நாட்டிலும் இத்தகைய கருவிகள் ஒருநாள் பயன்பாட்டுக்கு வரலாம். அப்போது அவற்றின் விலையை மட்டுமன்றி, பழுதுற்றால் திருத்துவோர் யார் என்பதையும் முன்கூட்டியே கேட்டறிதல் அவசியமாகும்.