முதல் கண்ணியைப் பின்னாதீர்கள்

என் முதல் மஃப்ளர் 40 கண்ணியில் தொடங்கியது. ஒரு முழம் வளர்வதற்குள் 47 ஆகிவிட்டது. நானாக ஒரு கண்ணிகூடக் கூட்டவில்லை. ஆனாலும் விசிறி போல அகன்றுகொண்டே போனது. கல்யாணமாகிக் குன்னூருக்கு வந்த முதல் குளிர்காலம் அது.

அத்தை அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். ஓரத்துக் கண்ணியை நகத்தால் மெல்ல நெம்பினார். "இது ஒரு கண்ணிதாம்மா. கால்தான் ரெண்டு. நீ காலை எண்ணிப் பின்னியிருக்கே."

வரிசை முடிந்து ஊசியைத் திருப்பியதும் நூல் நம் பக்கம் நிற்கும். அதை ஊசிக்கு மேலாகப் பின்னே தள்ளினால் முதல் கண்ணி இழுபட்டு, இரண்டு காலும் இரண்டு கண்ணியாகத் தெரியும். இரண்டையும் பின்னிவிடுவோம்.

அத்தை சொல்லித்தந்தது இது. திருப்பியதும் நூலைத் தொடாதே. வலது ஊசியை வலமிருந்து இடமாக முதல் கண்ணிக்குள் விட்டு, பின்னாமலே வலது ஊசிக்கு மாற்று. பிறகு நூலை இரு ஊசிகளுக்கும் நடுவே பின்பக்கம் கொண்டுபோய் மற்றதைப் பின்னு. எல்லா வரிசையும் நிட் போடும் மஃப்ளருக்கு இது கச்சிதம். ஓரத்தில் இரண்டு வரிசைக்கு ஒரு வளையமாகச் சங்கிலி ஓடும். வேட்டிக்குக் கரை போல அது தனியாகத் தெரிவது எனக்கு இன்றும் பிடிக்கும். வரிசை எண்ணவும் வசதி: 10 வளையம் என்றால் 20 வரிசை.

ஓரம் தொளதொளவென்று இருக்கிறதே என்று நூலைச் சுண்டி இழுப்பவர்கள் உண்டு. வேண்டாம், ஓரம் சுருங்கி நடு புடைத்துவிடும். புதிய நூலுருண்டையையும் ஓரத்தில் சேர்க்காமல், சில கண்ணி உள்ளே தள்ளிச் சேர்த்தால் சங்கிலி கெடாது.

ஸ்வெட்டரின் முன்பாகமும் பின்பாகமும் வேறு கதை. பக்கவாட்டில் தைத்து மூட வேண்டியவை அவை. அங்கே முதல் கண்ணியை விட்டுவிட்டால் இரண்டு வரிசைக்கு ஒரு பிடிதான் ஊசிக்குக் கிடைக்கும், தையல் வாய் பிளக்கும். ஆகவே ஒவ்வொரு வரிசையிலும் ஓரத்தைப் பின்னியே ஆக வேண்டும். நூல் சேர்ப்பதும் அங்கே ஓரத்தில்தான், தையலுக்குள் மறைந்துவிடும்.

அலசிய மஃப்ளரை நான் கொடியில் போடுவதில்லை. ஈரக் கனத்தில் ஓரம் இழுபடும். துண்டில் சுருட்டி அழுத்தி, கட்டில்மேல் விரித்து, இரண்டு ஓரத்தையும் விரலால் நீவிவிடுவேன். எங்கள் ஊர் ஈரக்காற்றில் காய இரண்டு நாளாகும்.