வாகனத்தின் எண்ணெயை நாமே மாற்றுவோம்



லாச்சப்பல் கடைகளுக்குப் பொருள் கொண்டுவருவோர், விடியுமுன் வேலைக்குப் புறப்படுவோர், வார இறுதியில் பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்கு ஏற்றிவருவோர் எனப் பலர் பழைய வாகனங்களையே நம்பி வாழ்கின்றனர். அவ்வாகனங்களின் ஆயுள் பெரும்பாலும் எஞ்சின் எண்ணெயிலேயே தங்கியுள்ளது. பிரெஞ்சு மொழியில் ‘விதான்ஜ்’ எனப்படும் எண்ணெய் மாற்றத்தை முதன்முறையாகத் தாமே செய்ய விரும்புவோருக்காக இக்கட்டுரையை வரைகின்றோம்.

எண்ணெய் ஏன் கெடுகின்றது?

உலோகத்தோடு உலோகம் உரசாதவாறு இடையே மெல்லிய படலமாக நிற்பது எண்ணெயின் முதற்கடமை. வெப்பத்தை அகற்றுதல், கரியையும் உலோகத் துகள்களையும் ஏந்திச் சென்று வடிகட்டியிற் சேர்த்தல், துருவைத் தடுத்தல் என்பன ஏனைய கடமைகள். வெப்பத்தாலும் கரியாலும், எரியாத எரிபொருள் வந்து கலப்பதாலும் நாளடைவில் அதன் ஆற்றல் குன்றுகின்றது.

இதற்கு நல்லதோர் உதாரணம் எமது யாழ்ப்பாணத்திலேயே உண்டு. 1990 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபின், பொருளாதாரத் தடையினால் பெற்றோல் அரும்பொருளாயிற்று. ஒஸ்ரின், மொறிஸ் மைனர் முதலிய பழைய கார்களைச் சிறிதளவு பெற்றோல் விட்டு இயக்கி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டினர் நம்மவர். மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல் எளிதில் ஆவியாவதில்லை. எரியாது எஞ்சியது உருளைச் சுவர் வழியே கீழிறங்கி எண்ணெயோடு கலந்து அதனை நீர்த்துப்போகச் செய்யும். நீர்த்த எண்ணெய் உலோகத்தைக் காவாது. பாரிஸில் குளிர்காலத்தில் குறுந்தூரம் மட்டும் ஓடும் வாகனங்களிலும் இவ்வினை சிறிய அளவில் நிகழ்கின்றது. கிலோமீற்றர் குறைவாயினும் குறித்த காலத்தில் எண்ணெயை மாற்றவேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

எந்த எண்ணெய்? எந்த இடம்?

கலன்களில் ‘5டபிள்யூ-30’ என்பது போன்ற குறியீடு காணப்படும். ‘டபிள்யூ’ குளிர்காலத்தைச் சுட்டும். அதன் முன்னுள்ள எண் சிறிதாயின், கடுங்குளிரிலும் எண்ணெய் எளிதில் ஓடும். பின்னுள்ள எண், எஞ்சின் சூடாகிய நிலையில் எண்ணெய் எவ்வளவு தடிப்பாக இருக்கும் என்பதைக் காட்டும். வாகனக் கைநூல் கூறும் வகையையும் அளவையுமே கொள்ளுதல் வேண்டும். கடைக்காரரின் ஊகமோ நண்பரின் அனுபவமோ கைநூலுக்கு ஈடாகாது.

வீதியில் இவ்வேலையைச் செய்வது பாரிஸ் நகரச் சுகாதார விதிகளின்படி தடைசெய்யப்பட்டுள்ளது. மாடிக் குடியிருப்புகளின் நிலக்கீழ்த் தரிப்பிடங்களிலும் பொதுவாக இது அனுமதிக்கப்படுவதில்லை. புறநகரில் சொந்த முற்றம் உடையோர் அங்கே செய்யலாம். ஏனையோர், கருவிகளோடு இடத்தையும் மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் ‘செல்ப் கராஜ்’ நிலையங்களை நாடலாம்.

செய்முறை

1. எஞ்சினைச் சில நிமிடங்கள் இயக்கி நிறுத்துக. இளஞ்சூடான எண்ணெய் அழுக்கோடு நன்கு வடியும். கொதிநிலையில் தொடலாகாது.

2. சமதரையில் வாகனத்தை நிறுத்தி, கைத்தடையை இட்டு, தரையில் நிற்கும் சில்லுகளுக்கு ஆப்பு வைக்குக. ஜக்கினால் உயர்த்தியபின் உறுதியான தாங்கிகளை உரிய இடங்களில் நிறுத்துக. ஜக்கை மட்டும் நம்பி வாகனத்தின் கீழ் ஒருபோதும் புகலாகாது. ஜக் வழுகினால் உயிர் போகும்.

3. கையுறை அணிக. பழைய எண்ணெய் நெடுங்காலம் தோலிற் பட்டுவரின் புற்றுநோய்க்கும் ஏதுவாகலாம். அகன்ற பாத்திரத்தைக் கீழே வைத்து, எண்ணெய்த் தொட்டியின் அடித்திருகாணியைக் கழற்றுக. கியர்ப்பெட்டித் திருகாணியை இதுவெனக் கருதிவிடாதவாறு கைநூலின் படத்தோடு ஒப்பிடுக.

4. எண்ணெய் வடிந்தபின் திருகாணிக்குப் புதிய வளையம் இட்டுப் பூட்டுக. அளவுக்கு மிஞ்சி இறுக்கினால் புரி தேய்ந்துவிடும்.

5. வடிகட்டியை மாற்றுக. பழைய இறப்பர் வளையம் எஞ்சினில் ஒட்டியிருப்பின் அகற்றுக. புதிய வளையத்திற் சிறிது புதிய எண்ணெய் பூசி, வடிகட்டியின் மேல் எழுதப்பட்டவாறு பூட்டுக.

6. வாகனத்தை இறக்கி, கைநூல் கூறும் அளவிலும் சற்றுக் குறைவாக எண்ணெய் ஊற்றுக. எஞ்சினை ஒரு நிமிடம் இயக்குக. எண்ணெய் விளக்கு அணைந்ததா, கீழே கசிவு உண்டா என நோக்குக. நிறுத்திச் சில நிமிடங்களின் பின் அளவுக்கம்பியைப் பார்த்து, குறைந்தால் சிறிது சிறிதாகச் சேர்க்குக. மேற்கோட்டைத் தாண்டுதலும் எஞ்சினுக்குத் தீங்கே.

7. திகதியையும் கிலோமீற்றரையும் குறித்து, பற்றுச்சீட்டைப் பேணி வைக்குக.

பழைய எண்ணெயை என்செய்வது?

வேலை இங்கு முடிந்துவிடவில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புக்கற் பாறையினுள் தேங்கும் மழைநீரே நம் கிணறுகளில் ஊறுகின்றது. சுன்னாகம் மின்னிலையச் சூழலில் கழிவெண்ணெய் நிலத்தடி நீரிற் கலந்தமையால், தலைமுறைகளாக அள்ளிக் குடித்த கிணற்று நீரை மக்கள் அஞ்சி ஒதுக்க நேர்ந்தது. 2019 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் இலங்கை உயர் நீதிமன்றம், மின்னுற்பத்தி நிறுவனம் ஒன்று இரண்டு கோடி ரூபா செலுத்தவேண்டுமெனத் தீர்ப்பளித்தது. பணம் செலுத்தப்படலாம், நிலத்துள் இறங்கிய எண்ணெயை மீண்டும் அள்ளுதல் எளிதன்று.

எம் ஊர்க் கிணற்றுக்காக வருந்தும் நாம், வாழ வந்த நாட்டின் நீரைக் கெடுத்தல் முறையாகுமா? வடிகாலிலோ மண்ணிலோ குப்பைத் தொட்டியிலோ பழைய எண்ணெயை ஊற்றலாகாது. மூடியுள்ள கலனில் அடைத்து, வேறெந்தத் திரவமும் கலவாது, வடிகட்டியோடு ‘தெஷெத்ரி’ எனப்படும் நகரக் கழிவு நிலையத்தில் ஒப்படையுங்கள். முற்றிலும் தூய்மையாக்கினால் அதிலிருந்து மீண்டும் புதிய எண்ணெய் பெறலாம்.

மாணவர்களே! வாகனக் கைநூல் பிரெஞ்சு மொழியில் உள்ளது. அதனை நீங்கள் நன்கு வாசிப்பீர்கள். திருகாணியின் இறுக்கத்தை உங்கள் பெற்றோரின் கை அறியும். அடுத்த முறை அவர்கள் எண்ணெய் மாற்றும்போது அருகே நின்று வெளிச்சம் பிடியுங்கள். கைநூலை வாசித்துத் தமிழிற் சொல்லுங்கள். அவர்கள் செய்வதைக் கேட்டறிந்து, திருகாணி, வடிகட்டி, ஆப்பு, கசிவு என ஒவ்வொன்றுக்கும் உரிய தமிழ்ச் சொல்லைக் குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். வகுப்பில் அதனைப் படித்துக் கேட்க ஆவலோடு காத்திருக்கின்றோம்.