கப்பல் விருந்தும் நம் உடையும்

பாற்கடலைக் கடைந்த கதையை நாம் அனைவரும் அறிவோம். அக்கதையைச் சொல்லும்போது நம் கதாப்பிரசங்கிகள் வேடிக்கையாக ஒன்று கூறுவதுண்டு. பட்டுப் பீதாம்பரம் உடுத்தி வந்த திருமாலுக்குக் கடலரசன் தன் மகளையே கொடுத்தானாம். புலித்தோல் உடுத்தி வந்த சிவபெருமானுக்கு நஞ்சைக் கொடுத்தானாம். ஆள் பாதி, ஆடை பாதி என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று கேட்டுச் சபையைச் சிரிக்க வைப்பார்கள். கடலுக்குப் போகிறவன் உடையைப் பற்றிக் கவலைப்படத்தான் வேண்டும் போலும்! அந்தக் கவலையைப் பற்றியே இன்று உங்களுடன் சிறிது நேரம் பேச விரும்புகிறேன்.

சில மாதங்களுக்கு முன் என் பழைய மாணவர் ஒருவர் ஹட்டனில் என் வீட்டுக்கு வந்தார். சிங்கப்பூரில் தொழில் புரிபவர். தாய், மனைவி, இரு பிள்ளைகள் ஆகியோரை அழைத்துக்கொண்டு, சிங்கப்பூரிலிருந்து பினாங்கு வழியாகப் புக்கெட் தீவுக்குச் சென்று திரும்பும் உல்லாசக் கப்பலில் நான்கு இரவுப் பயணம் போக ஏற்பாடு செய்திருந்தார். "எல்லாம் ஆயத்தம், சேர். அம்மாதான் வரமாட்டேன் என்கிறார். நீங்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்" என்றார்.

அந்த அம்மையார் நாற்பது ஆண்டுகள் இரட்டுக் கட்டிக் கொழுந்து எடுத்தவர். அவருடைய பாட்டி தனுஷ்கோடியில் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கி மலைநாட்டுக்கு வந்தவர். தந்தையோ துரையின் பங்களாவில் அப்புவாக இருந்தவர். நான் சென்று கேட்டபோது அம்மையார் சொன்ன விடை இது: "ஐயா, அந்தக் கப்பலில் ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கோட்டும் டையும் போட்டுக்கொண்டு போக வேண்டுமாம். எங்கள் அப்பா வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு துரையின் மேசையில் பரிமாறியவர். அந்த மாதிரி மேசையில் உட்கார எனக்கு என்ன உடுப்பு இருக்கிறது? கட்டாயப்படுத்தினால் வருகிறேன். ஆனால் சாப்பாட்டை அறையிலேயே சாப்பிட்டுக்கொள்கிறேன்."

நேயர்களே, இதைக் கேட்டதும் எனக்கு மற்றொருவர் நினைவுக்கு வந்தார். 1888ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் நாள் பம்பாயிலிருந்து 'கிளைட்' என்னும் கப்பலில் சட்டம் படிக்க இங்கிலாந்துக்குப் புறப்பட்ட பதினெட்டு வயது இளைஞர், மோகன்தாஸ் காந்தி. கழுத்துப்பட்டை அவருக்கு அப்போது வெறுப்பாக இருந்தது. குட்டையான சட்டை அடக்கமற்றதாகத் தோன்றியது. கத்தியையும் முள்ளையும் பிடிக்கத் தெரியாது. எந்தப் பதார்த்தத்தில் இறைச்சி இல்லை என்று கேட்கவும் துணிவில்லை. ஆகவே அவர் உணவு மேசைக்கே செல்லாமல், தாம் கொண்டுபோன இனிப்புகளையும் பழங்களையும் அறையிலேயே உண்டு நாட்களைக் கழித்தார். கப்பலில் கறுப்பு உடை அணிந்திருந்த அவர், கரையில் இறங்கும்போது அணிவதற்கென்று வெள்ளைக் கம்பளி உடை ஒன்றைத் தனியே பாதுகாத்து வைத்திருந்தார். கரையில் இறங்கிப் பார்த்தால், செப்டம்பர் மாதக் கடைசியில் வெள்ளை உடையில் நின்றவர் அவர் ஒருவரே! மாற்றிக்கொள்ளலாம் என்றால், பெட்டிகளையும் சாவிகளையும் முன்னதாகவே முகவரிடம் ஒப்படைத்துவிட்டார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பெட்டிகள் கைக்கு வர வழியில்லை. இவற்றையெல்லாம் தம் சுயசரிதையில் அவரே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

இந்த நிகழ்ச்சியில் நமக்கு இரண்டு பாடங்கள் உண்டு. கேட்டுத் தெரிந்துகொள்ளக் கூசினால் மேசையையே இழக்க நேரும் என்பது ஒன்று. வேண்டிய உடையைக் கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது மற்றொன்று.

முதலில் கேட்க வேண்டியதைக் கேட்போம். கப்பலில் உடைக்கு விதி உண்டா? உண்டு. ஆனால் அச்சமூட்டும் அளவுக்கு இல்லை. பழைய பெருங்கப்பல்களில் முதல் வகுப்பினர் இரவுதோறும் விருந்துடை அணிந்தே உணவுக்கூடத்துக்குச் சென்றனர். அப்போதும், பெட்டிகளைப் பிரிக்காத முதல் இரவுக்கும், கட்டி முடித்த கடைசி இரவுக்கும் விலக்கு இருந்தது. இன்றைய உல்லாசக் கப்பல்களில் பெரும்பாலான இரவுகளுக்குத் துப்புரவான சாதாரண உடையே போதும். ஆண்களுக்கு நீளக் காற்சட்டையும் கழுத்துப்பட்டி வைத்த சேர்ட்டும், பெண்களுக்குச் சேலையோ சல்வாரோ கவுனோ பொருந்தும். நான்கைந்து இரவுப் பயணத்தில் பெரும்பாலும் ஓர் இரவுதான் சிறப்பு விருந்து இரவாக அமையும். நீச்சலுடையும், கையில்லாப் பனியனும், இறப்பர்ச் செருப்பும் பிரதான உணவுக்கூடத்துக்கு ஆகா. இவற்றில் எதுவும் வேண்டாம் என்பவருக்கு, தாமே எடுத்துண்ணும் உணவுக்கூடம் ஒன்று பெரும்பாலும் திறந்தே இருக்கும். உடையில்லாத காரணத்தால் எவரும் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. கப்பலுக்குக் கப்பல் விதி வேறுபடும். எனவே சீட்டு வாங்கும்போதே முகவரிடம் கேட்டறிவது நலம்.

அடுத்தது, நம் நாட்டு உடை செல்லுமா என்னும் வினா. தத்தம் நாட்டின் முறையான உடையை விருந்துடைக்கு நிகராக ஏற்கும் கப்பல் நிறுவனங்கள் உண்டு. பிரித்தானியாவின் கியூனார்ட் அவற்றுள் ஒன்று. ஸ்காட்லாந்துக்காரர் தம் கட்டம்போட்ட பாவாடையுடன் அமரும் மேசையில், நம்மவர் வேட்டியும் நீளக்கைச் சட்டையும் சால்வையுமாக அமர்வதில் குறையேது? சேலையோ எந்த விருந்துக்கும் ஏற்ற உடை.

இந்த உரிமை எல்லா இடத்திலும் எளிதில் கிடைத்துவிடவில்லை. 1876இல் தொடங்கிய நுவரெலியா ஹில் கிளப்பைப் பாருங்கள். ஆங்கிலேயத் தோட்ட அதிபர்கள் தமக்காக ஏற்படுத்திய அம்மன்றம், இரவு விருந்துக்குக் கோட்டும் டையும் வேண்டும் என்ற வழக்கத்தாலேயே பெயர் பெற்றது. தமிழ்நாட்டிலேயே, 2014 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்ற நீதியரசர் அரிபரந்தாமன், ஒரு நூல் வெளியீட்டுக்காகச் சேப்பாக்கத்துக் கிரிக்கெட் சங்க மன்றத்துக்கு வேட்டி உடுத்திச் சென்றபோது வாயிலில் தடுக்கப்பட்டார். பெரும் கண்டனம் எழுந்தது. அடுத்த மாதமே தமிழ்நாடு சட்டமன்றம் இத்தகைய தடையை நீக்கிச் சட்டம் இயற்றியது. வேட்டி உடுத்தியவரைத் தடுப்போருக்கு ஓராண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்க அச்சட்டம் இடமளிக்கிறது. ஆனால் தமிழ்நாட்டுச் சட்டம் அந்நியக் கப்பலில் செல்லாது. அங்கே முன்கூட்டிக் கேட்டறிவதே நமக்குத் துணை.

இனி, பெட்டி கட்டும் முறை. துறைமுகத்தில் நாம் ஒப்படைக்கும் பெரிய பெட்டிகள் அறை வந்து சேர மாலை ஆகலாம். சிலவேளை உணவு நேரம் தாண்டியும் ஆகலாம். எனவே முதல் இரவுக்கான உடையையும், மருந்துகளையும் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். காந்தியடிகள் பட்ட பாடு நமக்கு வேண்டாம். சேலை எடுப்போர் கசங்காத மெல்லிய சேலை இரண்டு எடுத்தால் போதும். மேல்தளத்தில் கடற்காற்று பலமாக வீசும்; முந்தானையைச் சரியாகக் குத்திக்கொள்ள வேண்டும். தளம் சற்றே அசையும். ஆகவே குதி உயர்ந்த செருப்பைத் தவிர்த்துத் தட்டையான செருப்பை அணியுங்கள். வேட்டி உடுத்துவோர் இடுப்புப்பட்டி மறவாதிருப்பது நன்று. உணவுக்கூடம் குளிரூட்டப்பட்டிருக்கும். நுவரெலியாப் பனியில் வளர்ந்த நமக்கு அது பெரிதல்ல எனினும், முதியோருக்கு ஒரு சால்வை துணை. ஒரேயொரு இரவுக்காகக் கடன் வாங்கிக் கோட்டுத் தைப்பது மட்டும் வேண்டாம்.

இவை யாவும் செய்முறை. இவற்றின் உட்பொருள் ஒன்றுண்டு. விருந்துடை விதி எதற்காக? ஒரே மேசையில் அமர்வோர் ஒருவரையொருவர் மதிக்கிறார்கள் என்பதைக் காட்டுவதற்காக. அந்த மதிப்பைத் துவைத்து மடித்த கைத்தறிச் சேலையும் காட்டும். விதி தன் நோக்கத்தை மறந்து மனிதரை வாசலில் நிறுத்துமானால், வெட்கப்பட வேண்டியது விதியேயன்றி மனிதரல்லர். வெள்ளை உடையில் கூசி நின்ற அந்த இளைஞர், 43 ஆண்டுகள் கழித்து, 1931இல், அரையாடையும் சால்வையுமாகப் பக்கிங்ஹாம் அரண்மனையின் தேநீர் விருந்துக்குச் சென்றார். அரசர் ஐந்தாம் ஜோர்ஜ் அவரை அந்த உடையிலேயே வரவேற்றார். முதற்பயணத்தில் அவரிடம் இருந்ததும் உடைதான், இல்லாதது கூச்சமின்மை.

அம்மையாரிடம் இக்கதையைச் சொன்னேன். "காந்தியே அறையில் ஒளிந்து சாப்பிட்டாரா?" என்று கேட்டுச் சிரித்தார். பிறகு பெட்டியைத் திறந்து, மகளின் திருமணத்துக்கு வாங்கிய நாவற்பழ நிறச் சேலையை எடுத்துக் காட்டினார்.

பயணம் முடிந்து வந்தபின் கண்டேன். முதல் இரவு உணவுக்கூட வாசலில் கால் சற்றுத் தயங்கிற்றாம். உள்ளே உடையைப் பார்த்தவர் யாருமில்லையாம். வெள்ளைக் கோட்டு அணிந்த இளைஞன் ஒருவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னானாம்.

"அவனைப் பார்த்ததும் அப்பா நினைவு வந்துவிட்டது, ஐயா. நீ சாப்பிட்டாயா தம்பி என்று கேட்டேன். அவனுக்குத் தமிழ் புரியவில்லை. மகன் எடுத்துச் சொன்ன பிறகு சிரித்தான்" என்றார்.

நல்ல விருந்துக்கு உரிய உடை எது என்று என்னைக் கேட்டால், அந்தக் கேள்வியைக் கேட்கும் மனம் என்பேன். அதை எந்த வாயிற்காவலரும் தடுக்க இயலாது.