உட்கார்ந்தே செய்த அறுவை சிகிச்சை

நம் சபைகளில் சாட்சி சொல்ல எழுந்து நிற்பவர்களின் கதை பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் போய் முடியும்: ஜெபித்தோம், சுகம் கிடைத்தது, அல்லேலூயா. டாக்டர் மேரி வர்கீஸின் கதை அந்த வரிசையில் சேராது. அவர் கடைசிவரை எழுந்து நடக்கவில்லை.

கொச்சிப் பக்கம் 1925-ல் பிறந்தவர் மேரி. வேலூர் சி.எம்.சி.யில் படித்து, மகப்பேறு மருத்துவராகும் எண்ணத்தோடு அங்கேயே வேலை பார்த்துவந்தார். 1954 ஜனவரியில் சக டாக்டர்களோடு பிக்னிக் கிளம்பிய வண்டி வழியில் கவிழ்ந்தது. முகம் கிழிந்தது. முதுகுத்தண்டு அடிபட்டதில் கால்கள் இரண்டும் உணர்விழந்தன. அப்போது வயது 28.

முதுகுத்தண்டு முறிந்தவர்கள் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் சாவது அன்று சாதாரணம். டாக்டரான அவருக்கு இதை யாரும் சொல்லித் தரவேண்டியிருக்காது. மாதக்கணக்கில் படுத்திருந்தவருக்கு விசுவாசம் காலைத் திருப்பித் தரவில்லை. சரீரத்தில் இருந்த முள் நீங்க மூன்று தரம் வேண்டியும் அது நீங்காமலேயே ஊழியம் செய்தவர் பவுல். வேதத்தில் இதுவும் இருக்கிறது. மேடைகளில்தான் அதிகம் கேட்பதில்லை.

மேரிக்கு வழி திறந்தவர் டாக்டர் பால் பிராண்ட். கொல்லிமலையில் ஊழியம் செய்த மிஷனரி தம்பதியின் மகன். தொழுநோயாளிகளின் கைகளைச் சீர்செய்யும் அறுவை சிகிச்சையை வேலூரில் வளர்த்தெடுத்தவர். கை அறுவை சிகிச்சையை டாக்டர் உட்கார்ந்தபடியே செய்யலாம். அப்படியென்றால் சக்கர நாற்காலியில் இருந்தும் செய்யலாமே என்றார் பிராண்ட். மேரி கற்றுக்கொண்டார்.

தொழுநோய் நரம்பைத் தாக்கும்போது விரல்கள் மடங்கி, கை கொக்கிபோல ஆகிவிடும். சட்டைப் பொத்தான் போட முடியாது, சோற்றைப் பிசைந்து எடுக்க முடியாது. நன்றாக இயங்கும் தசையின் நாணைத் திசைமாற்றிப் பொருத்தினால் விரல்கள் மறுபடி நிமிரும். ஆனால் உணர்வு திரும்பாது. சூடான டம்ளரைப் பிடித்தால் சுடுவது தெரியாது. கொப்புளத்தைப் பார்த்த பிறகுதான் தெரியும். அறுவை மேசைக்கு இந்தப் பக்கம் இருந்தவர் நிலையும் கிட்டத்தட்ட அதுதான். நாற்காலியில் ஒரே பக்கமாக உட்கார்ந்து தோல் புண்ணானாலும் அவருக்கு வலிக்காது. உடம்பு சொல்லாததைக் கண்ணால் தேடிப் பார்க்கவேண்டிய இரண்டு பேர் எதிரெதிரே. ‘உங்கள் கஷ்டம் எனக்குப் புரிகிறது’ என்று அவர் வாய்விட்டுச் சொல்லத் தேவை இருந்திருக்காது.

அத்தோடு அவர் நின்றுவிடவில்லை. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் தனக்கான புனர்வாழ்வுப் பயிற்சி பெற்றார். பிறகு நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க்கிடம் புனர்வாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, சி.எம்.சி.யில் அந்தத் துறையின் முதல் தலைவரானார். 1966-ல் வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி.யின் புனர்வாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972-ல் பத்மஸ்ரீ. 1986-ல் காலமானார்.

விருதைவிட பாகாயத்தில் நடக்கும் வேலைதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. முதுகுத்தண்டு அடிபட்டு வருகிறவர்கள் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறவும், புண் வராமல் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும், ஒரு பிழைப்பைத் தேடிக்கொள்ளவும் அங்கே பழகுகிறார்கள். வீடு திரும்பியவர்கள் அங்கே நடக்கும் ‘ரீஹேப் மேளா’வுக்கு மறுபடி வருகிறார்கள். டாக்டரைப் பார்த்துவிட்டு, விளையாட்டுப் போட்டிகளுக்கும் பேர் கொடுக்கிறார்கள்.