சாமி காவுற பிள்ளைக்கு என்ன வேலை?

எங்கட மூத்தவன் போன வருடம் யூனிவர்சிட்டி லீவில் ஒரு வேலை எடுத்தான். "என்ன வேலையப்பு?" என்று அம்மம்மா கேட்டா. "ஆர்ட் கலரியில சிலை தூக்கி வைக்கிறது, படம் மாட்டுறது" என்றான். அம்மம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஆணி அடிக்கவோ இவ்வளவு காசு குடுத்து ரியூசனுக்கு விட்டது?" என்றா. நான் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் எனக்கும் அதே கேள்விதான். தெரிந்த ஆக்கள் கேட்டால் "கலரியில வேலை" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதையை மாற்றிவிடுவேன்.

இதே பிள்ளை மேஸ் ஹில் முருகன் கோயில் திருவிழாவில் சாமி காவினால், அதை வீடியோ எடுத்து லண்டன், ரொறன்ரோ எல்லாம் அனுப்புகிற ஆளும் நான்தான். தோளில் சால்வையை மடித்து வைத்து, உயரத்துக்கு உயரம் பார்த்து ஆளை மாற்றி நிறுத்தி, ஒரு குரலுக்கு எல்லாரும் சேர்ந்து தூக்குவார்கள். அது பெருமை. அதையே ஒருத்தன் சம்பளத்துக்குச் செய்தால் ஏன் எனக்கு வெட்கமாக இருக்கிறது?

அவன் வேலைக்குப் போய் வந்து சொன்ன கதைகளைக் கேட்கக் கேட்கத்தான் அது என்ன வேலை என்று விளங்கினது. முதல் விதி, தூக்குவதற்கு முன் நடந்து பார். எந்தக் கதவு, எத்தனை சென்ரிமீற்றர் அகலம், லிப்ட் எவ்வளவு பாரம் தாங்கும், போய் இறக்கி வைக்கிற மேடை தயாரா என்று எல்லாம் பார்த்த பிறகுதான் பொருளில் கை வைக்கலாம். சிலையைக் கையிலோ கழுத்திலோ பிடிக்கவே கூடாது, அடியில்தான் பிடிக்க வேண்டும். பழைய கோப்பையை அதன் காதில் பிடித்துத் தூக்கக்கூடாது, அந்தக் காது எப்போதோ உடைந்து ஒட்டினதாக இருக்கலாம். வெண்கலத்தை வெறுங்கையால் தொட்டால் வியர்வை உப்பு அரிக்கும், அதனால் நைட்ரைல் கையுறை. பளபளப்பான மண்பாண்டத்துக்குப் பருத்திக் கையுறை போட்டால் வழுக்கும். மோதிரம், கடிகாரம், பெல்ட் பக்கிள் எல்லாம் கழற்ற வேண்டும். பேனா கொண்டு போகக்கூடாது, பென்சில்தான். வெளியூரிலிருந்து வந்த பெட்டியை வந்த உடனே திறக்கமாட்டார்கள். உள்ளே இருக்கிற பொருள் இந்த அறையின் சூட்டுக்கும் ஈரத்துக்கும் பழக வேண்டும் என்று ஒரு நாளாவது அப்படியே விட்டுவைப்பார்கள்.

பழைய துணியும் கடதாசியில் வரைந்த படமும் 50 லக்ஸ் அளவு மங்கல் வெளிச்சத்தில்தான் இருக்கும், அதுவும் சில மாதங்களுக்குத்தான். இதைப் படித்துவிட்டு வந்தவன் முதலில் கைவைத்தது என் கூறைச்சேலையில். பிளாஸ்ரிக் பையிலிருந்து எடுத்து, அமிலமில்லாத மெல்லிய கடதாசியை மடிப்புகளுக்குள் உருட்டி வைத்து, "ஒரே மடிப்பில வைச்சா சரிகை அந்த இடத்தில வெடிக்கும் அம்மா, இடைக்கிடை மாத்தி மடியுங்கோ" என்றான். இருபது வருடமாக யாரும் அந்தச் சேலையை அப்படிப் பார்த்ததில்லை, என்னையும் சேர்த்து.

பெட்டி திறந்ததும் அடுத்தது, பொருளின் நிலையை எழுதுகிற அறிக்கை. எங்கே கீறல், எங்கே மூக்கு உடைந்திருக்கிறது, எந்த விரலில் பழுது என்று படத்தோடு குறிப்பார்கள். திருப்பி அனுப்பும்போது அதே அறிக்கையோடு ஒப்பிடுவார்கள். இது ஏதோ அலுவலகக் கடதாசி வேலை என்றுதான் நினைத்தேன். சிட்னியில் நடந்த ஒரு கதை தெரிந்தபோது அப்படி நினைக்க முடியவில்லை.

டொமெய்ன் பூங்காவுக்குப் பக்கத்தில் இருக்கிற நியூ சவுத் வேல்ஸ் ஆர்ட் கலரி 2004 இல் ஒரு அர்த்தநாரீசுவரர் கற்சிலையை 3 இலட்சம் டொலருக்கு மேல் கொடுத்து வாங்கினது. விற்றவர் நியூயோர்க் வியாபாரி சுபாஷ் கபூர். அந்தச் சிலை விருத்தாசலம் விருத்தகிரீசுவரர் கோயில் சுவரின் மாடத்தில் நின்றது. அது ஊர்வலம் போகிற சாமி இல்லை, ஓரிடத்தில் நிற்கவே செதுக்கினது. புதுச்சேரியில் இருக்கிற பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழ்நாட்டுக் கோயில்களை ஒவ்வொன்றாகப் போய்ப் படமெடுத்து வைத்திருந்தது. 1974 இல் எடுத்த படம் ஒன்றில் இதே அர்த்தநாரீசுவரர் கோயில் சுவரில் நிற்கிறார். 2013 இல் படத்தையும் சிலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் சிலைத் திருட்டைப் பின்தொடர்ந்து எழுதுகிற ஆர்வலர்கள். வாங்கின நேரத்தில் கேட்டிருக்க வேண்டிய கேள்வியைப் பிறகு வெளியாட்கள்தான் கேட்டார்கள். எனக்கு இதில் இன்னும் கோபம் இருக்கிறது.

அதே கபூரிடம் கன்பராவில் இருக்கிற தேசிய கலரி 2008 இல் ஒரு சோழர் கால நடராசரை 50 இலட்சம் அமெரிக்க டொலருக்கு வாங்கியிருந்தது. அது அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருட்டுப்போனது. 2014 செப்டெம்பரில் பிரதமர் டொனி அபொட் டெல்லி போனபோது இரண்டையும் மோடியிடம் ஒப்படைத்தார். இன்னும் முடியவில்லை. 2022 மார்ச்சில் 29 பொருட்கள் அவுஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குத் திரும்பின. அதே வருடம் நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றம் கபூருக்கு 10 வருடச் சிறை கொடுத்தது.

தலைவர்கள் சிலைக்குப் பக்கத்தில் நிற்கிற படம் எல்லாப் பேப்பரிலும் வந்தது. சிலையை மேடையிலிருந்து இறக்கி, நுரைக்குள் பொருத்தி, பெட்டி அடைத்த கைகளை யாரும் படமெடுத்துப் போடவில்லை.

மகனிடம் இந்தக் கதையைச் சொன்னபோது அவன் கேட்டது வேறு விசயம். "அம்மா, சோழர் வெண்கலத்தின்ர பீடத்தில ஓட்டையும் வளையமும் இருக்கே, ஏனெண்டு தெரியுமோ?" எனக்குத் தெரியவில்லை. உற்சவத்துக்குத் தண்டு செருகிக் காவுவதற்காம். கலரிக்குப் போகிறவர்கள் முகத்தையும் திருவாசியையும் பார்ப்பார்கள். தூக்குகிறவன்தான் முதலில் பீடத்தைப் பார்ப்பான், எங்கே பிடிக்கலாம் என்று. வார்த்த சிற்பியும் அதைத்தான் யோசித்திருக்கிறான். கண்ணாடிக்குள் அசையாமல் இருக்கிற அந்தச் சாமி தெருவில் போவதற்காகவே செய்யப்பட்டது. அடுத்த முறை பிள்ளைகளைக் கலரிக்குக் கூட்டிக்கொண்டு போனால் குந்தியிருந்து பீடத்தைக் காட்டுங்கோ.

பழைய சாமிகளோடு மட்டும் இந்த வேலை நிற்பதில்லை. கொழும்பில் பிறந்து குழந்தையாக சிட்னிக்கு வந்த ரமேஷ் மாரியோ நித்தியேந்திரன், தமிழ்ப் பின்னணி உள்ள சிற்பி. களிமண்ணில் அவர் செய்கிற பல தலை, பல கை உருவங்கள் அதே நியூ சவுத் வேல்ஸ் கலரியின் முன்மண்டபத்தில் கோபுரம் மாதிரி அடுக்கி வைக்கப்பட்டன. சுட்ட மண் பாரமும் கூட, சட்டென்று உடையவும் கூடும். அப்படி அடுக்குவதற்கு சிற்பிக்குப் பக்கத்தில் எத்தனை பொறுமையான கைகள் வேண்டும் என்று இப்போது எனக்குக் கணக்குப் போடத் தெரிகிறது.

சரி, தாய் தகப்பனாக நாங்கள் கேட்கிற கேள்விக்கு வருவோம். இந்த வேலையில் வீடு வாங்கலாமோ? சிட்னி விலைக்குக் கஷ்டம்தான். பலருக்குக் கஷுவல் வேலை. கண்காட்சி திறக்கிறதுக்கு முந்தின கிழமைகளில் இராப் பகலாக இருக்கும், பிறகு கொஞ்ச நாள் ஒன்றும் இராது. மகனோடு வேலை செய்கிறவர்களில் பாதிப் பேர் தாங்களும் ஓவியர்கள், மற்றவர்கள் தச்சு வேலை தெரிந்தவர்கள். கட்டுமான இடத்துக்கு வேண்டிய வைற் கார்ட் கேட்பார்கள், போர்க்லிப்ட் ஓட்டத் தெரிந்தால் மதிப்பு. முதுகையும் முழங்காலையும் கவனிக்க வேண்டும். இதிலிருந்து மேலே போக விரும்புகிற பிள்ளைக்கு வழி இருக்கிறது: மெல்பேர்ன் பல்கலைக்கழகத்தின் கிரிம்வேட் நிலையத்தில் பழம்பொருள் பாதுகாப்பை முதுநிலைப் படிப்பாகவே படிக்கலாம். அங்கே வேதியியல் வேண்டும் என்று கேள்விப்பட்டதும் அம்மம்மாவின் முகம் கொஞ்சம் தெளிந்தது.

எங்கட பிள்ளை இன்னும் முடிவெடுக்கவில்லை. எஞ்சினியரிங் மூன்றாம் வருடம் ஓடுகிறது, கலரி கூப்பிட்டால் போகிறான். இந்த முறை திருவிழாவுக்கு நேரத்தோடு போய், சாமி வெளிக்கிட முதல் வாசல் நிலையை ரேப்பால் அளந்துகொண்டு நின்றான். "என்னடா தம்பி, வருசா வருசம் இதாலதானே போறது" என்று ஒரு ஐயா கேட்டார். போன முறை திருவாசி நிலையில் முட்டினதை நானும் பார்த்தனான். பொடியன் ஒன்றும் சொல்லவில்லை, சால்வையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு பின்தண்டுக்குப் போய்விட்டான்.