திருத்தும் கருவியே திரிபு செய்தால்

ஏட்டுச் சுவடியைப் படியெடுப்போர் இருவகையினர். கண்டதைக் கண்டவாறே எழுதுவோர் ஒருவகை. தமக்குப் பிழையெனத் தோன்றியதைத் திருத்தி எழுதுவோர் மற்றொரு வகை. பதிப்பாசிரியர்க்குப் பேரின்னல் விளைப்போர் இரண்டாம் வகையினரே. சீறாப்புராணத்தைப் படியெடுக்கும் ஒருவர் ‘தீன்’ என்னும் அரபுச் சொல்லை அறியாராய் அதனைத் ‘தேன்’ எனத் திருத்திவிட்டதாகக் கொள்வோம். யாப்புக் கெடாது, ஓசை வழுவாது, பொருள் மட்டும் போய்விடும். பின்வருவோர்க்கு அங்கே ஒரு திரிபு நேர்ந்ததென்பதே தோன்றாது. கணிப்பொறியின் வன்தட்டிலும் இத்தகைய திருத்தங்கள் நிகழ்ந்ததுண்டு.

வன்தட்டில் எந்தக் கோப்பு எங்கே தொடங்குகிறது என்பதைக் காட்டும் பெயரடைவு ஒன்றும், அது எவ்வெப் பகுதிகள் வழியே தொடர்ந்து செல்கிறது என்பதைக் காட்டும் ஒதுக்கீட்டு அட்டவணை ஒன்றும் எழுதப்பட்டிருக்கும். இவை தம்முள் முரண்படின் சீர்செய்வதற்கெனத் துணைநிரல்கள் உள்ளன. இயங்குதளத்தின் விதிகளே இந்நிரல்களுக்கு இலக்கணம். இயங்குதளம் வளர, இலக்கணம் பழையதாகவே நின்றுவிட்டால், சீர்செய்யும் நிரலே சிதைக்கும் நிரலாகிவிடும்.

1991இல் வெளிவந்த எம்எஸ்-டாஸ் 5.0 இதற்கொரு சான்று. அதனுடன் வந்த செக்டிஸ்க், அன்டெலீட் என்னும் இரு நிரல்களும் அட்டவணையின் நீளத்தை எட்டு பிட் இடத்தில் வைத்து எண்ணின. எட்டு பிட்டில் 0 முதல் 255 வரையே அடங்கும். அட்டவணை 256 செக்டர் நீண்டிருந்த வட்டில் அவ்வெண் சுழியாயிற்று. காக்க வந்த நிரல் வட்டின் அமைப்பையே குலைத்தது. 5.0ஏ பதிப்பில் இக்குறை களையப்பட்டது.

இதனினும் நுட்பமானது விண்டோஸ் 95இன் கதை. அதுவரை ஒரு கோப்பின் பெயருக்கு எட்டெழுத்தும், புள்ளிக்குப் பின் மூன்றெழுத்துமே இடம். 1995 ஆகஸ்ட் 24இல் வெளிவந்த விண்டோஸ் 95 பெயரை 255 எழுத்து வரை நீட்டிக்கொள்ள இசைந்தது. பழைய பெயரடைவை மாற்றாமலே இதனைச் செய்ததுதான் திறமை. அடைவின் ஒவ்வொரு வரியும் 32 பைட் அளவினது. நெடும்பெயரைப் பதின்மூன்று பதின்மூன்று எழுத்தாகப் பிரித்து, குறும்பெயர் வரிக்கு முன்னே கூடுதல் வரிகளில் எழுதினர். அவ்வரிகளுக்கு ‘படிக்க மட்டும்’, ‘மறைவு’, ‘முறைமை’, ‘வட்டின் பெயர்’ என்னும் நான்கு அடையாளங்களையும் ஒருங்கே இட்டனர். இந்நான்கும் ஒன்றாய் வருவது பழைய வழக்கில் இல்லை. ஆகவே பழைய டாஸ் அவற்றைப் பொருட்படுத்தாது கடந்து செல்லும்.

டாஸ் கடந்து சென்றது. பழைய துணைநிரல்கள் கடந்து செல்லவில்லை. வட்டை நேரே படித்த அவை அவ்வரிகளைப் பிழையெனக் கொண்டு அழித்தன. அடைவை வரிசைப்படுத்துபவை நெடும்பெயரை ஒருபுறமும் குறும்பெயரை மறுபுறமுமாகப் பிரித்துவிட்டன. இதை முன்னுணர்ந்தே, பழைய நிரல்கள் வட்டில் நேரே எழுதுவதை விண்டோஸ் 95 தடுத்தது. நெடும்பெயர்களை முன்கூட்டியே காத்துவைக்க எல்எஃப்என்பிகே என்னும் நிரலையும் மைக்ரோசாஃப்ட் வழங்கியது. ஆனால் பழைய டாஸ் நெகிழ்வட்டைச் செருகிக் கணிப்பொறியைத் தொடங்கினால் அங்கே விண்டோஸும் இல்லை, தடையும் இல்லை.

லினக்ஸின் எக்ஸ்ட்2 கோப்பமைப்பை வளர்த்தோர் இதற்கு வேறு வழி கண்டனர். தன்னிடம் என்னென்ன புதிய கூறுகள் உள்ளன என்பதை அக்கோப்பமைப்பே தன் தலைப்பகுதியில் குறித்து வைத்திருக்கும். தான் அறியாத கூறொன்று அங்கே குறிக்கப்பட்டிருந்தால் அதன் சீர்செய் நிரல் வட்டைத் தொடாமல் விலகிவிடும். ‘தெரியாததைத் திருத்தேன்’ என்னும் இந்த அடக்கம் எல்லாப் படியெடுப்போர்க்கும் வாய்த்திருந்தால் பாடபேதங்கள் எவ்வளவோ குறைந்திருக்கும்!

இவற்றை நாம் நூலில் மட்டும் படித்தறியவில்லை. 1998இல் நாம் முதுகலை பயின்றபோது, நம் பேராசிரியர் புதுக்கோட்டை மாவட்டக் கடற்கரை ஊர்களாகிய கோட்டைப்பட்டினம், கோபாலப்பட்டினம், மீமிசல் ஆகியவற்றில் முஸ்லிம் பெண்டிர் பாடிய தாலாட்டுகளையும் நலுங்குப் பாடல்களையும் தொகுத்து, 23 கோப்புகளாகத் தட்டச்சு செய்வித்திருந்தார். ஊர், பாடியவர், பாடக்கேட்ட நாள் ஆகிய மூன்றும் கோப்பின் பெயரிலேயே இருந்தன. உள்ளே பாட்டு மட்டும். வட்டைச் சீர்செய்வதாக எண்ணிப் பழைய நெகிழ்வட்டிலிருந்த துணைநிரல் ஒன்றை இயக்கியவர் நாமே. ‘பிழைகள் திருத்தப்பட்டன’ என்று திரை அறிவித்தது. பெயர்கள் கோட்டை~1, கோபால~2, மீமிச~1 என நின்றன. உரோமன் எழுத்தில் முதல் ஆறெழுத்தே எஞ்சியிருந்தது.

பேராசிரியர் கடிந்துகொள்ளவில்லை. “இனி இதன்மேல் எவரும் ஒன்றும் எழுதவேண்டா” என்று கூறி, அன்றே வட்டைக் கழற்றி அலமாரியில் வைத்தார். சுவடியோடு பழகியவரின் இயல்பு அது. அதுவே பின்னர்ப் பேருதவியாயிற்று.

அண்மையில் கணிப்பொறித் துறை மாணவர் ஒருவர் துணையுடன் அவ்வட்டைத் திறந்தோம். முதற்கண், மூலத்தில் எதுவும் எழுதாதவாறு வட்டு முழுவதையும் பைட்டுக்குப் பைட் படியெடுத்து, அப்படியின்மீதே வேலை செய்தோம். அழிக்கப்பட்ட வரியின் முதற் பைட்டில் மட்டுமே அழிவுக்குறி இடப்பட்டிருந்தது. ஏனைய எழுத்துகள் அப்படியே இருந்தன. மேலும், ஒவ்வொரு நெடும்பெயர் வரியிலும் தனக்குரிய குறும்பெயரிலிருந்து கணித்த சரிபார்ப்பெண் ஒன்று உண்டு. அதனைக் கொண்டு எந்தப் பெயர் எந்தப் பாட்டுக்குரியது எனப் பொருத்திப் பார்த்தோம். 16 பாடல்களுக்குப் பாடியவர் பெயர் மீண்டது.

ஏழு பெயர்களின் மேல் வேறு வரிகள் எழுதப்பட்டுவிட்டன. அவ்வேழனுள் ஒரு தாலாட்டைக் கடந்த ஆண்டு கோபாலப்பட்டினத்தில் படித்துக்காட்டக் கேட்ட மூதாட்டி ஒருவர், அது தம் மதினி பாடியதென்று கூறி, நாம் விட்டிருந்த ஓரடியையும் சேர்த்துப் பாடினார். மற்ற ஆறும் இன்னும் கோட்டை~3, மீமிச~2 போன்ற பெயர்களோடே இருக்கின்றன.